கோவாவைப் பிடித்தார், வைத்திருக்கப் படாதபாடு பட்டார்: யார் இந்த அல்புகர்க்?

1510-ம் ஆண்டு மே மாதக் கடைசி. கோவாவைப் பிடித்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் ஊரைக் காலி செய்துவிட்டு, ஆட்களோடு கப்பலில் ஏறினார் போர்த்துகீசியத் தளபதி அல்போன்சோ டி அல்புகர்க்.

கப்பலில் ஏறியும் தப்பிக்க வழியில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. மாண்டோவி ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போக முடியவில்லை. முன்னால் கொந்தளிக்கும் கடல், கரையில் பீஜப்பூர் சுல்தானின் பீரங்கிகள். ஆகஸ்ட் மாதம் வரை நடு ஆற்றிலேயே மாட்டிக்கொண்டார்கள். சாப்பாடு தீர்ந்துபோய், எலியையும் தோலையும் வேகவைத்துத் தின்னும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இந்தியாவில் போர்த்துகீசிய ஆட்சியை உண்மையில் நிறுவியவர் யார் என்று பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஒரு மார்க் கேள்வி வரும். அதற்கு விடை இவர்தான். ஆனால் அந்த ஒரு வரி விடைக்குப் பின்னால் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு சின்ன நாடு, ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் ஒரு முக்கியமான இடத்தைப் பிடித்துவிட்டால், அடுத்து என்ன செய்யும்? அல்புகர்க்கின் கடைசிப் பத்து ஆண்டுகள் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் போனது.

சின்ன நாடு, பெரிய கணக்கு

அல்புகர்க் பிறந்தது 1453-ம் ஆண்டு வாக்கில், லிஸ்பன் நகருக்குப் பக்கத்தில் உள்ள அல்ஹாந்த்ராவில். அரசவையோடு நெருக்கமான குடும்பம். வட ஆப்பிரிக்காவின் மொராக்கோ கரையில் போர்த்துகல் பிடித்து வைத்திருந்த கோட்டைகளில் போர்வீரராகப் பல ஆண்டுகள் இருந்தார். சுற்றிலும் எதிரி, நடுவில் கோட்டை, உதவி வந்தால் கடல் வழியாகத்தான் வர வேண்டும். பின்னாளில் ஆசியாவில் அவர் சந்தித்த சிக்கலுக்கு முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது.

அப்போது போர்த்துகல் நாட்டின் மொத்த மக்கள்தொகையே 10 முதல் 15 லட்சம்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒப்பிட்டுப் பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் கோவா மாநிலத்தின் மக்கள்தொகை மட்டுமே 14.5 லட்சத்துக்கு மேல்.

லிஸ்பனில் இருந்து இந்தியா வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதுவும் பருவக்காற்று பார்த்துத்தான் கிளம்ப முடியும். இங்கிருந்து மன்னருக்கு ஒரு கடிதம் போட்டால், பதில் கைக்கு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். அதாவது, உதவி கேட்டு எழுதினால், உதவி வருவதற்குள் முற்றுகையே முடிந்திருக்கும்.

இந்த நிலையில்தான் இரண்டு கருத்துகள் மோதின. 1505-ல் முதல் வைஸ்ராயாக வந்த பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா, நிலத்தில் கோட்டை கட்டக் கட்ட ஆட்கள் சிதறிப்போவார்கள், கடலில் பலமாக இருந்தால் போதும் என்று நினைத்தார். பாடப்புத்தகங்களில் நீல நீர்க் கொள்கை என்று வருவது இதுதான். அல்புகர்க் நேர் எதிர். கப்பலைப் பழுது பார்க்கவும், ஆட்களுக்குச் சோறு போடவும், மழைக்காலத்தைத் தள்ளவும் சொந்த நிலம் இல்லாமல் கடற்படை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது அவர் கேள்வி.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பிரச்னையே.

ஹோர்முஸ்: வென்றும் தோற்ற கதை

1507-ல் பாரசீக வளைகுடாவின் வாசலில் இருக்கும் ஹோர்முஸ் தீவுக்குப் போனார் அல்புகர்க். இன்று எண்ணெய்க் கப்பல்கள் போகும் அதே ஜலசந்தி. கையில் இருந்தது சில கப்பல்களும் சுமார் 500 பேரும் மட்டும். பீரங்கி பலத்தால் துறைமுகத்தில் இருந்த கப்பல்களை நொறுக்கி, ஹோர்முஸ் மன்னரைக் கப்பம் கட்டச் சம்மதிக்க வைத்தார். உடனே கோட்டை கட்டும் வேலையும் தொடங்கியது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஆட்கள் குறைவு என்பதால் போர்வீரர்களே கல் சுமக்க வேண்டியிருந்தது. வெயில் கொளுத்தியது. தீவில் குடிதண்ணீர்கூடக் கிடையாது, வெளியில் இருந்துதான் வர வேண்டும். கடலில் சரக்குக் கப்பல்களைப் பிடித்துப் பணம் பார்க்கலாம் என்று வந்த கேப்டன்களுக்கு, கல் சுமக்கும் வேலை கசந்தது.

1508 தொடக்கத்தில் கேப்டன்கள் சிலர் கப்பலோடு கிளம்பி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அல்மெய்டாவிடம் அல்புகர்க் மீது புகாரும் கொடுத்தார்கள். மிச்சம் இருந்த ஆட்களை வைத்து ஹோர்முஸைக் காப்பாற்ற முடியாது. கட்டிக்கொண்டிருந்த கோட்டையை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்.

அதே 1507-ல் பிடித்த சொகோத்ரா தீவுக்கும் இதே கதிதான். செங்கடல் வாசலுக்குப் பக்கம் என்று பிடித்தார்கள். நல்ல துறைமுகம் இல்லை, கோட்டையில் இருந்தவர்களுக்குப் போதிய உணவும் இல்லை. 1511-ல் அதையும் கைவிட்டார்கள். வரைபடத்தில் முக்கியமாகத் தெரிகிற இடம் எல்லாம், குடியிருக்க ஏற்ற இடமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

1508 டிசம்பரில் கண்ணூர் வந்து சேர்ந்த அல்புகர்க், அடுத்த ஆளுநராகத் தன்னை நியமித்த மன்னரின் ஆணையைக் காட்டினார். அல்மெய்டா பதவியை விட்டுக்கொடுக்கவில்லை. அல்புகர்க்கைக் கண்ணூர் கோட்டையில் காவலில் வைத்தார். 1509 கடைசியில் லிஸ்பனில் இருந்து புதிய கப்பற்படை வந்த பிறகுதான் பொறுப்பு கைமாறியது.

ஏன் கோவா?

பொறுப்பேற்ற கையோடு 1510 ஜனவரியில் கோழிக்கோடு மீது நடத்திய தாக்குதல் படுதோல்வி. லிஸ்பனில் இருந்து வந்த தளபதி பெர்னாண்டோ கூட்டின்யோ கொல்லப்பட்டார். அல்புகர்க்கும் படுகாயத்தோடு தப்பினார்.

அடுத்து செங்கடல் பக்கம் போகத் தயாரானவரைத் திசை திருப்பியவர் திம்மையா. போர்த்துகீசியர்கள் திமோஜா என்று எழுதிவைத்தது இவரைத்தான். ஹொன்னாவர் பக்கத்துக் கடல் தளபதி, விஜயநகர அரசோடு தொடர்பில் இருந்தவர். கோவாவில் காவல் குறைவு, ஆட்சி மீது மக்களுக்குக் கோபம், இதுதான் நேரம் என்று தகவல் கொடுத்தார்.

கோவாவின் அருமை அதன் அமைப்பில் இருந்தது. மாண்டோவி, ஜுவாரி ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் திஸ்வாடி ஒரு தீவு. ஆற்றைக் கடக்கும் துறைகளைக் காத்தால் போதும், கொஞ்சம் பேரை வைத்தே தீவைப் பிடித்து வைக்கலாம். வயல் உண்டு, தண்ணீர் உண்டு, கப்பல் கட்டும் தளம் உண்டு. ஹோர்முஸிலும் சொகோத்ராவிலும் என்னவெல்லாம் இல்லையோ, அது எல்லாம் இங்கே இருந்தது.

இன்னொரு பெரிய விஷயம், குதிரை. அரேபியாவில் இருந்தும் பாரசீகத்தில் இருந்தும் வரும் போர்க் குதிரைகள் இறங்கும் துறைமுகம் கோவா. விஜயநகரத்துக்கும் குதிரை வேண்டும், பீஜப்பூருக்கும் குதிரை வேண்டும். கோவா யார் கையில் இருக்கிறதோ, அவர்களைத் தேடி இரண்டு பேருமே வர வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் பெரிய சண்டை இல்லாமலே ஊர் கைக்கு வந்தது. பழைய ஆட்சியைவிட வரி குறைவாக இருக்கும் என்று அறிவித்தார். ஆனால் பீஜப்பூர் சும்மா விடுமா? மே மாதம் பெரும்படை வந்தது. அதன் பிறகு நடந்ததுதான் ஆரம்பத்தில் பார்த்த ஆற்று முற்றுகை.

இரண்டாவது முறை

ஆகஸ்டில் ஆற்றை விட்டு வெளியேறியவர், மூன்றே மாதத்தில் திரும்பி வந்தார். ஆட்களுக்கு எங்கே போவது? மலாக்காவுக்கு என்று லிஸ்பனில் இருந்து கிளம்பி வந்திருந்த தியோகோ மென்டெஸின் கப்பல்களை நிறுத்தி வைத்து, கோவா சண்டைக்குத் திருப்பினார். ஓர் இடத்தைப் பிடிக்க இன்னோர் இடத்து ஆட்களை எடுக்க வேண்டும். போர்த்துகீசியர்களின் கையிருப்பு அவ்வளவுதான்.

1510 நவம்பர் 25. ஒரே நாள் சண்டையில் கோவா மறுபடியும் விழுந்தது. அதன் பிறகு நடந்தது வரலாற்றின் கறுப்புப் பக்கம். ஊரில் இருந்த முஸ்லிம்களை நான்கு நாட்கள் தேடித் தேடிக் கொன்றார்கள். ஆண், பெண், குழந்தை என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. சுமார் 6,000 பேர் இறந்ததாக மன்னருக்கு எழுதிய கடிதத்தில் அல்புகர்க்கே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆள் குறைவான படை, மறுபடி உள்ளிருந்து எதிர்ப்பு வராமல் இருக்க எடுத்த கொடூரமான வழி இது. அவரைப் புகழ்கிற எந்தப் புத்தகமும் இந்த நான்கு நாட்களைத் தாண்டிப் போக முடியாது.

பிடிச்சாச்சு, இனி எப்படி வைத்திருப்பது?

இந்த முறை அல்புகர்க் வேறு மாதிரி யோசித்தார். லிஸ்பனில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்க மாட்டார்கள். அப்படியானால் இங்கேயே ஆட்களை உருவாக்க வேண்டும்.

போர்வீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மதம் மாற்றித் திருமணம் செய்துகொண்டால், அவர்களுக்கு நிலமும் வீடும் வேலையும் கொடுத்தார். கசாடோ, அதாவது குடும்பஸ்தர் என்று இவர்களுக்குப் பெயர். மனைவி, குழந்தை, வயல் என்று வந்துவிட்டால், கப்பல் ஏறி ஓடிப்போக மாட்டார்கள், தங்கள் வீட்டுக்காகவாவது சண்டை போடுவார்கள் என்பது கணக்கு. ஆனால் இந்தப் பெண்களில் பலர் போரில் சிறைபிடிக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிராம நிர்வாகத்தைப் பெரிதாகக் கலைக்கவில்லை. நிலத்தைச் சேர்ந்து நிர்வகித்த கிராமக் கூட்டு அமைப்புகள் அப்படியே தொடர்ந்தன. வரி வசூலுக்கு உள்ளூர் இந்துக்களை நியமித்தார். கணவன் சிதையில் மனைவியை எரிக்கும் வழக்கத்தைத் தடை செய்தார். கோவாவிலேயே நாணயமும் அடித்தார்.

குதிரைக் கப்பல்கள் கோவாவுக்குத்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதில் கிடைத்த சுங்கப் பணம் நிர்வாகச் செலவுக்குக் கைகொடுத்தது. விஜயநகரத்தில் அப்போது ஆட்சியில் இருந்தவர் கிருஷ்ணதேவராயர். அவருக்கும் தூது போனது, பீஜப்பூரோடும் பேச்சு நடந்தது. குதிரை யாருக்கு என்ற கேள்விக்கு முடிவான பதில் சொல்லாமலே இரண்டு பெரிய அரசுகளையும் காக்க வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் கோவா ஒரு வாரம்கூடத் தாங்காது என்பது அவருக்குத் தெரியும்.

மலாக்காவில் ஒரு தமிழ் வணிகர்

1511-ல் சுமார் 18 கப்பல்களோடு மலாக்காவுக்குப் போனார். போர்த்துகீசியர்களும் மலபார் வீரர்களும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. சுல்தான் மஹ்மூத் ஷா தப்பிப் போனார். பள்ளிவாசல், கல்லறைகளின் கற்களையும் எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அதன் ஒரு வாசல் இன்றும் மலாக்காவில் நிற்கிறது.

மலாக்கா பல நாட்டு வணிகர்கள் வந்து போகும் சந்தை. தமிழர், குஜராத்தி, ஜாவாக்காரர், சீனர் என்று ஆளுக்கொரு பகுதி. அரிசிகூட ஜாவா, சயாம், பெகு பக்கத்தில் இருந்துதான் வர வேண்டும். வணிகர்கள் வராவிட்டால் கோட்டைக்குள் இருப்பவர்களுக்குச் சோறு கிடையாது. பீரங்கியைக் காட்டி வணிகர்களை வரவழைக்க முடியாதே!

அங்கேதான் ஒரு தமிழ் வணிகரின் பெயர் வருகிறது. போர்த்துகீசியப் பதிவுகள் இவரை நீனா சத்து என்று குறிப்பிடுகின்றன. 1509-ல் மலாக்காவில் சிறைபட்ட போர்த்துகீசியர்களுக்கு உதவியவர். அந்த நன்றிக்கும் தேவைக்கும் சேர்த்து, இந்து வணிகர்களின் தலைவராக, பெந்தஹாரா பதவியில் இவரை நியமித்தார் அல்புகர்க். போர்த்துகீசிய அரசோடு பங்கு போட்டு பெகுவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் கப்பல் அனுப்பியவரும் இவரே.

சில நூறு பேரை மட்டும் மலாக்காவில் விட்டுவிட்டு அல்புகர்க் கிளம்பினார். திரும்பும் வழியில், 1511 நவம்பரில் சுமத்ரா அருகே அவருடைய ப்ளோர் டோ மார் கப்பல் கொள்ளைப் பொருட்களோடு மூழ்கியது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

1513-ல் ஜாவாவில் இருந்து வந்த பெரிய கப்பற்படையை மலாக்கா சமாளித்தது. ஆனால் அடுத்த ஆண்டு நீனா சத்துவின் பதவியைப் பறித்து, கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் அவர் தீ மூட்டி உயிரை விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கோட்டைக்குத் தோள் கொடுத்தவருக்கே இந்த நிலை.

ஒரு பக்கம் போனால் மறுபக்கம்

அல்புகர்க் மலாக்காவில் இருந்த நேரத்தில் கோவாவில் என்ன நடந்தது? பீஜப்பூர் படை மறுபடி வந்து, ஆற்றுத்துறையான பாணஸ்தாரியில் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டது. கோவாவில் இருந்தவர்கள் முற்றுகையில் தவித்தார்கள். 1512 கடைசியில் அல்புகர்க் வந்துதான் அந்தக் கோட்டையை மீட்டார்.

உள்ளே அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. போர்த்துகீசிய வீரர்கள் சிலரே எதிர்ப்பக்கம் சேர்ந்து சண்டை போட்டிருந்தார்கள். உயிரை எடுக்க மாட்டோம் என்ற உறுதியோடு அவர்கள் ஒப்படைக்கப்பட்டதால், அல்புகர்க் கொல்லவில்லை. மூக்கையும் காதையும் வலது கையையும் இடது கட்டை விரலையும் வெட்டச் சொன்னார். அவர்களில் ஒருவரான பெர்னாவோ லோபெஸ், பிறகு அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் தன்னந்தனியாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

சம்பளம் நேரத்துக்கு வராத, ஊர் திரும்புவோமா என்று தெரியாத ஒரு வீரருக்கு, பக்கத்து சுல்தான் நல்ல சம்பளம் கொடுக்கத் தயாராக இருந்தார். தண்டனை எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், ஓடிப்போவது நிற்கவில்லை.

இதற்கு நடுவே லிஸ்பனில் வேறு ஒரு பேச்சு. கோவாவுக்கு ஆகும் செலவு அதிகம், விட்டுவிடலாமே என்று மன்னர் மனுவேல் காதில் சிலர் ஓதினார்கள். போர் ஒரு பக்கம் என்றால், கோவாவை ஏன் விடக்கூடாது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுவது அல்புகர்க்குக்கு இன்னொரு பக்கம் வேலை.

1513-ல் ஏடன் மீது நடத்திய தாக்குதல் தோற்றது. மதிலில் சாத்திய ஏணிகள், ஏறியவர்களின் பாரம் தாங்காமல் முறிந்தன. ஏடன் கிடைக்காததால் செங்கடல் வழி கடைசிவரை முழுசாக அடைபடவில்லை.

கடைசிப் பயணம்

1515-ல் ஹோர்முஸுக்குத் திரும்பினார். இந்த முறை 27 கப்பல், 2,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அமைச்சரைக் கொன்றுவிட்டு, மன்னரை மட்டும் சிம்மாசனத்திலேயே விட்டுவைத்தார். ஆள்வது அவர் பெயரில், கோட்டையும் பீரங்கியும் போர்த்துகீசியர் கையில். ஊரை நேரடியாக ஆள ஆட்கள் தேவையில்லை என்பதால், செலவு குறைந்த ஏற்பாடு. எட்டு ஆண்டுக்கு முன்பு பாதியில் விட்ட கோட்டை இப்போது எழுந்தது.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வயிற்றுக்கடுப்பு முற்றி, நவம்பரில் கோவாவுக்குக் கிளம்பினார். வழியில் எதிர்ப்பட்ட கப்பல் ஒன்று செய்தி சொன்னது. அவருக்குப் பதிலாக லோபோ சோரெஸ் ஆளுநராக வந்துவிட்டார். அல்புகர்க் கைது செய்து ஊருக்கு அனுப்பியவர்களே பதவியோடு திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கோவாவுக்காகக் கப்பல்களை நிறுத்தி வைத்தாரே, அதே தியோகோ மென்டெஸ்.

1515 டிசம்பர் 16. கோவா கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கப்பலிலேயே உயிர் பிரிந்தது. எகிப்தில் இருந்து கப்பற்படை வரும் என்ற அச்சத்தில் மன்னர் பிறகு மனம் மாறி, அவருக்கே பொறுப்பு கொடுக்க நினைத்தார். ஆனால் கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகுமே. அந்த முடிவு எடுக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

பிறகு என்ன ஆனது?

அல்புகர்க்குக்குப் பிறகும் கோட்டைகள் கூடிக்கொண்டே போயின, ஆட்கள் கூடவில்லை. சாமூத்ரியோடு சமாதானம் செய்து கட்டிய கோழிக்கோடு கோட்டையை 1525-ல் அவர்களே இடித்துவிட்டு வெளியேறினார்கள். 1580 முதல் 1640 வரை போர்த்துகல் ஸ்பெயின் மன்னரின் கீழ் போனது. ஸ்பெயினின் எதிரிகள் எல்லாம் போர்த்துகலுக்கும் எதிரி ஆனார்கள்.

1622-ல் பாரசீகப் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து ஹோர்முஸைப் பிடித்தன. 1641-ல் மலாக்காவும் 1663-ல் கொச்சியும் டச்சுக்காரர்களிடம் போயின. கோவா நின்றது. வயலும் தண்ணீரும் குடும்பங்களும் இருந்த இடம் அது.

அதுவும் 1961 டிசம்பர் 19 வரைதான். இந்திய ராணுவம் நுழைந்தபோது, சரணடையக் கூடாது என்று லிஸ்பனில் இருந்து சர்வாதிகாரி சலாசர் உத்தரவிட்டார். வருவதற்கு உதவிப்படை எதுவும் இல்லை என்பது கோவாவில் இருந்த ஆளுநர் வசாலோ இ சில்வாவுக்குத் தெரியும். சரணடைந்தார். அதற்காக ராணுவத்தில் இருந்தே நீக்கப்பட்டார்.

451 ஆண்டுக்கு முன்பு மாண்டோவி ஆற்றில் மாட்டிக்கொண்ட அல்புகர்க்குக்கும் இதே நிலைதான். உத்தரவு போடுகிறவர்கள் தூரத்தில், எதிரி பக்கத்தில், உதவி எங்கும் இல்லை.

கோவாவிலேயே புதைக்கப்பட்ட அல்புகர்க்கின் எலும்புகளை 1566-ல் லிஸ்பனுக்கு எடுத்துப் போனார்கள். அவர் பிடித்த ஊரைவிட்டு அவரே முதலில் கிளம்பிவிட்டார்.